இரவு 11:40-க்கு வந்த போன்: "டோனருக்கு ஹெபடைடிஸ் பி கோர் பாசிட்டிவ், சம்மதமா?"

சிறுவாணித்தண்ணி – ஞாயிறு, மாலை 6:12

எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்தக் குழுவுல ரெண்டு வருசமா படிச்சுட்டு இருக்கேன், எழுதறது இதான் மொதல் தடவை.

என் மனைவிக்கு வாரம் மூணு டயாலிசிஸ். மூன்றரை வருசம் ஆச்சு. எனக்குச் சர்க்கரை இருக்கறதால என்னோடது ஆகாதுன்னுட்டாங்க. மாமியாருக்கு வயசு 71. மச்சினனுக்கு ரத்த வகை சேரலை. அதனால மூளைச்சாவு அடைஞ்சவங்க தானமாத் தர்ற கிட்னிக்குப் பதிவு பண்ணி வரிசையில இருக்கோம்.

போன வியாழக்கிழமை ராத்திரி 11:40-க்கு கோஆர்டினேட்டர் கூப்பிட்டாங்க. "ஒரு கிட்னி வந்திருக்கு, உங்க பேரு மேல வந்திருக்கு. டோனருக்கு ஹெபடைடிஸ் பி கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ், ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ். சம்மதமான்னு அரை மணி நேரத்துல சொல்லணும்"னாங்க. எனக்கு 'ஹெபடைடிஸ்', 'பாசிட்டிவ்' இந்த ரெண்டு வார்த்தைதான் காதுல விழுந்துச்சு. எங்க பெரியப்பா மஞ்சக்காமாலை முத்தி, வயிறு வீங்கி, கடைசியில யாரையும் அடையாளம் தெரியாம செத்ததைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் நானு. மனைவியை எழுப்பக்கூட இல்லைங்க. வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்.

காலையில அவகிட்டச் சொன்னேன். ஒண்ணும் பேசலை. டயாலிசிஸுக்குக் கிளம்பும்போது டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்கு ஃபிஸ்டுலா போட்ட கையைத் தடவிக்கிட்டே "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்"னு மட்டும் சொன்னா.

அந்தக் கிட்னி வேறொருத்தருக்குப் போயிருச்சு. உறுப்பு வழியா ஹெபடைடிஸ் வருமா, வராதா? நான் செஞ்சது சரியா, தப்பா? தெரிஞ்சவங்க சொல்லோணும்.

தாமிரபரணி_சிஸ்டர் – ஞாயிறு, இரவு 8:40

தம்பி, முதல்ல மனசைத் தேத்திக்கிடுங்க. அந்த நேரத்துல அந்தப் போன் வந்தா யாரா இருந்தாலும் பதறத்தான் செய்வாங்க. நான் இருபது வருசத்துக்கு மேல சிறுநீரக வார்டுல நர்ஸா இருந்தவ. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

வருமான்னு கேட்டா, வரும். ஹெபடைடிஸ்னா கல்லீரலைத் தாக்குற கிருமி நோய், அதுல பி-யும் வரும், சி-யும் வரும். ஆனா எந்த டெஸ்ட் பாசிட்டிவ், எந்த உறுப்பு, வாங்குற ஆளு தடுப்பூசி போட்டவரா, இந்த மூணையும் கேட்காம பதில் சொல்ல முடியாது.

ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்னா கிருமி இப்ப உடம்புல இருக்கு. கோர் ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ்னா பெரும்பாலும் எப்பவோ வந்து, உடம்பு அதை அடக்கிப் போட்டிருக்குன்னு அர்த்தம். சின்னப் பிள்ளையில வந்திருக்கும், வந்ததே தெரிஞ்சிருக்காது. நம்ம நாட்டுல அப்படிப்பட்டவங்க ரொம்பப் பேரு. அடங்குன பி கிருமி முழுசாப் போயிடாது, கல்லீரல் செல்லுக்குள்ள உறங்கிக்கிட்டு இருக்கும். அதனாலதான் அதே டோனரோட கல்லீரலை வாங்குறவருக்கு ஆபத்து நிசமாவே பெருசு. மாத்திரை கொடுக்காம விட்டா நிறைய பேருக்குத் திரும்பக் கிளம்பிரும். கிட்னிக்கு அந்த ஆபத்து ரொம்பக் கம்மி. அதுலயும் வாங்குறவருக்குத் தடுப்பூசி நல்லா ஏறியிருந்தா இன்னும் கம்மி.

அதனால நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி எத்தனை போட்டிருக்கு? டைட்டர் எவ்வளவு?

சிறுவாணித்தண்ணி – ஞாயிறு, இரவு 9:25

சிஸ்டர், கார்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மஞ்சக் கலர் கார்டு. மூணு தேதி எழுதியிருக்கு. நாலாவது கட்டம் காலியா இருக்கு. அந்த மாசம் அவளுக்குக் கதீட்டர்ல சீழ் புடிச்சுக் காய்ச்சல்ல படுத்திருந்தா, அப்புறம் போடலாம்னாங்க, அப்படியே விட்டுப்போச்சு. டைட்டர்னா என்னன்னே இப்பத்தான் கேள்விப்படறேன்.

தாமிரபரணி_சிஸ்டர் – ஞாயிறு, இரவு 9:41

நினைச்சேன். டயாலிசிஸ்காரங்களுக்கு ஊசி சாதாரணமா ஏறாது தம்பி. அதனாலதான் இரட்டை அளவு, 40 மைக்ரோகிராம், நாலு தடவை போடச் சொல்லியிருக்கு. முதல் நாள், ஒரு மாசம், ரெண்டு மாசம், ஆறாவது மாசம். அந்தக் கடைசி ஊசிதான் முக்கியம், அதுதான் எல்லாருக்கும் விட்டுப்போகுது. போட்டு ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சு ரத்தத்துல எதிர்ப்புச் சத்து எவ்வளவுன்னு பார்க்கிறதுதான் டைட்டர். 10-க்கு மேல இருந்தாத்தான் ஊசி பிடிச்சிருக்குன்னு கணக்கு. அதுக்குப் பிறகும் வருசத்துக்கு ஒருக்கா பார்த்து, இறங்கியிருந்தா இன்னொரு ஊசி போடணும்.

நாளைக்கே யூனிட்டுல கேளுங்க. விட்டுப்போச்சுன்னு முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டாம், நாலாவதைப் போடச் சொல்லுங்க.

ரத்தவங்கி30 – திங்கள், காலை 7:15

அய்யா, நான் முப்பது வருடம் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். 'பாசிட்டிவ்' என்றதும் நீங்கள் பயந்தீர்கள். என் அனுபவத்தில் நான் அதிகம் பயந்தது 'நெகட்டிவ்' என்ற வார்த்தைக்குத்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருமி உடம்புக்குள் போன அன்றே டெஸ்டில் தெரியாது. ஹெபடைடிஸ் சி-க்கு வழக்கமாகச் செய்யும் எலிசா டெஸ்ட் கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைப் பார்க்கிறது. ஹெபடைடிஸ் சி-க்கு அது உண்டாக எட்டு, பத்து வாரம் ஆகும். அந்த இடைவெளியில் ஒருவர் இறந்து உறுப்பு தந்தால், ரிப்போர்ட்டில் நெகட்டிவ், ரத்தத்தில் லட்சக்கணக்கில் கிருமி. இதைத்தான் நாங்கள் விண்டோ பீரியட் என்போம். நாட் டெஸ்ட் கிருமியின் மரபுப் பொருளையே தேடுகிறது, அதனால் சி-யை ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே பிடித்துவிடும். பி-க்கு ஹெச்பிஎஸ்ஏஜி-யில் தெரிய ஐந்தாறு வாரம் ஆகிறது, நாட் டெஸ்டில் மூன்று வாரம்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2000-ல் ஒருவர் இறந்தார். ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி நெகட்டிவ். அவருடைய உறுப்புகளும் திசுக்களும் அடுத்த 22 மாதங்களில் 40 பேருக்குப் போயின. 2002-ல்தான் விஷயம் வெளியே வந்தது. எப்படி என்றால், முழங்கால் தசைநார் மாற்றிக்கொண்ட ஒருவருக்குச் சில வாரங்களில் காமாலை. முட்டிக்கு ஒரு தசைநார்! அவருடைய மருத்துவர் 'இது எங்கிருந்து வந்தது' என்று விடாமல் கேட்டதால் பழைய மாதிரியை எடுத்து மறுபடி பார்த்தார்கள், கிருமி இருந்தது. கடைசியில் 8 பேருக்குத் தொற்று உறுதியானது. மூன்று பேர் உறுப்பு வாங்கியவர்கள், மற்றவர்கள் தசைநார், ரத்தக்குழாய் போன்ற திசு வாங்கியவர்கள். கதிர்வீச்சு கொடுத்துப் பதப்படுத்திய எலும்பை வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

2007-ல் சிகாகோவில் ஒரே டோனரிடமிருந்து நான்கு பேருக்கு எச்ஐவி-யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்தே போனது. அங்கும் ஆன்டிபாடி டெஸ்ட் நெகட்டிவ்தான். அதன் பிறகுதான் அமெரிக்காவில் 2013-ல் விதிகளை இறுக்கினார்கள். 2020-ல் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லா டோனருக்கும் எச்ஐவி, பி, சி மூன்றுக்கும் நாட் பார்க்க வேண்டும், வாங்கியவருக்கும் நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் மூன்றையும் நாட் டெஸ்டில் பார்க்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள்.

நம் நாட்டில் ரத்த வங்கிகளுக்கே நாட் டெஸ்ட் சட்டப்படி கட்டாயம் இல்லை. செய்கிற இடங்கள் தாங்களாக முன்வந்து செய்கின்றன. அதனால் 'எல்லாம் நெகட்டிவ்' என்று யாராவது சொன்னால், எந்த டெஸ்டில் நெகட்டிவ் என்று கேளுங்கள்.

வைகைக்கரை – திங்கள், காலை 9:02

ரத்தவங்கி சார், படிக்கவே பயமா இருக்கு. எங்க அப்பாவுக்குப் போன மாசம்தான் கிட்னி வெச்சாங்க. டோனர் நெகட்டிவ்னு நிம்மதியா இருந்தோம். இப்ப என்ன செய்யுறது?

ரத்தவங்கி30 – திங்கள், காலை 10:30

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை அம்மா. இப்படி நடப்பது மிக அரிது. அரிதாக இருப்பதால்தான் யாரும் தேடுவதில்லை, தேடாததால்தான் தாமதமாகத் தெரிகிறது. அடுத்த தடவை டாக்ரோலிமஸ் (புதுக் கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்கத் தரும் மாத்திரை) அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும்போது, கூடவே பி, சி நாட் ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று. விபத்தில் அடிபட்டு வருபவருக்கு பாட்டில் பாட்டிலாக சலைனும் ரத்தமும் ஏறும். அதற்குப் பிறகு எடுக்கிற மாதிரியில் அவருடைய சொந்த ரத்தம் நீர்த்துப்போயிருக்கும், ஆன்டிபாடியும் நீர்த்துப்போகும். பாசிட்டிவ் ஆளே நெகட்டிவ் என்று வந்துவிடலாம். அதனால் ஊதா மூடி டியூபில் ஒட்டியிருக்கும் லேபிளில் ரத்தம் எடுத்த நேரத்தைப் பார்த்து, அதற்கு முன் எவ்வளவு ஏற்றினார்கள் என்று கணக்குப் போட வேண்டும். ஒரு தடவை அவசரப் பிரிவில் வந்தவுடன் எடுத்து வைத்த முதல் டியூபைத் தேடி எங்கள் ஆள் ஒருவர் இரவு இரண்டு மணிக்கு மூன்று ஃப்ரிட்ஜைத் திறந்து தேடினார். கிடைத்தது. அதில் பார்த்தோம். அப்படிப்பட்ட ஆட்களால்தான் இந்த வேலை ஓடுகிறது.

புதுக்கிட்னி_பழையசட்டை – திங்கள், மதியம் 1:18

நான் சொல்லப்போவது எனக்கு நடந்தது. மருத்துவமனை பேரைக் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.

கிட்னி வெச்சு ஆறாவது வாரம் கல்லீரல் டெஸ்ட்ல எஸ்ஜிபிடி 68, இருக்க வேண்டியதை விட அதிகம். "மாத்திரையால இருக்கும்"னாங்க. ரெண்டாவது மாசம் 94. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மைக்கோபினோலேட் மாத்திரை அளவைக் குறைச்சாங்க. மூணாவது மாசம் 140. அப்ப ஹெபடைடிஸ் சி பார்த்தாங்க, எலிசா, நெகட்டிவ். எல்லாரும் அப்பாடான்னு விட்டுட்டாங்க. எனக்குச் சாப்பாடு இறங்கலை, சாயங்காலம் ஆனா படுக்கையை விட்டு எழ முடியலை. அஞ்சாவது மாசம் புதுசா வந்த ஒரு சின்ன டாக்டரம்மா ஃபைலை முதல்லேர்ந்து புரட்டிப் பார்த்துட்டு, "உங்களுக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை ஓடுது, உடம்பு ஆன்டிபாடியே உண்டாக்காம இருக்கலாம், கிருமியையே தேடுற ஆர்என்ஏ டெஸ்ட் பார்க்கலாம்"னாங்க. வைரல் லோடு, அதாவது ரத்தத்துல கிருமி அளவு, 60 லட்சம்.

டோனர்கிட்டேருந்து வந்துச்சா, அதுக்கு முன்னாடி நாலு வருசம் ஓட்டின டயாலிசிஸ்ல வந்துச்சா? இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஏன்னா ஆபரேஷனுக்கு முந்தைய நாள் என் ரத்தத்துல நாட் பார்க்கலை, மாதிரியும் எடுத்து வைக்கலை. அதே டோனரோட இன்னொரு கிட்னியை வாங்கினவருக்குத் தகவல் போச்சான்னு கேட்டேன். பதில் இல்லை. அதுதான் இன்னும் நெஞ்சுல கிடக்கு. அவருக்கும் என்னை மாதிரி சாயங்காலம் எழ முடியாம இருந்திருந்தா?

12 வாரம் மாத்திரை சாப்பிட்டேன். கிருமி போயிடுச்சு. இப்ப மூணு வருசம் ஆச்சு, கிட்னி வேலை செய்யறதைக் காட்டுற கிரியாட்டினின் 1.3.

நெஃப்ரோ_மதுரை – திங்கள், இரவு 10:05

மருத்துவராக இருப்பதால் இங்கே தனிப்பட்ட நோயாளிக்கு ஆலோசனை சொல்லமாட்டேன். பொதுவாகச் சில விஷயங்கள்.

புதுக்கிட்னி, நீங்கள் எழுதியதை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். உறுப்பு மாற்றியவருக்கு ஆன்டிபாடி டெஸ்டை மட்டும் நம்பக் கூடாது. டயாலிசிஸ் நோயாளிகளிடமும் இதே சிக்கல் இருக்கிறது. கல்லீரல் நொதிகள் காரணமில்லாமல் ஏறினால் சி-க்கு ஆர்என்ஏ-வும் பி-க்கு டிஎன்ஏ-வும் பார்க்க வேண்டும். ஒருவருக்குத் தொற்று தெரிந்தால் அதே டோனரிடம் வாங்கிய அத்தனை பேருக்கும் அன்றே சொல்லியாக வேண்டும். அது மரியாதைக்காகச் செய்வதில்லை, இன்னொருவருடைய கல்லீரல் அதில் இருக்கிறது.

அடுத்து, சி பற்றி. 1989 வரை இந்தக் கிருமிக்குப் பெயரே இல்லை, 'ஏ-யும் இல்லை பி-யும் இல்லை' என்றுதான் எழுதுவோம். நான் படித்த காலத்தில் இன்டர்ஃபெரான் ஊசிதான் மருந்து. கிட்னி மாற்றியவருக்கு அதைப் போட்டால் உடம்பு புதுக் கிட்னியையே நிராகரித்துவிடக்கூடும். கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். 2013 கடைசியில் சோஃபோஸ்புவிர் வந்தது. அமெரிக்காவில் ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். 2015-ல் இந்திய நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதும் சாதாரண மனிதரின் கைக்கு எட்டியது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். இது தெரியாமல் நகையை அடகு வைத்தவர்களை இப்போதும் பார்க்கிறேன்.

மருந்து வந்த பிறகு கேள்வியே மாறிவிட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், ஹெபடைடிஸ் சி இல்லாத 10 பேருக்கு, சி இருந்த டோனர்களின் கிட்னியைத் தெரிந்தே வைத்தார்கள். பத்துப் பேருக்கும் கிருமி வந்தது, மாத்திரையில் பத்துப் பேருக்கும் போய்விட்டது. 2017-ல் அந்த முடிவு வெளியானது. பாஸ்டனில் இதயமும் நுரையீரலும் மாற்றியவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்திலேயே மாத்திரையைத் தொடங்கி, நான்கே வாரத்தில் நிறுத்தினார்கள், 2019-ல் எழுதினார்கள். அதிலும் நல்ல பலன். பழைய நாளில் குப்பைக்குப் போன உறுப்புகள் இவை.

பி அப்படி இல்லை. அடக்கி வைக்கலாம், முழுசாக ஒழிக்க இன்னும் மருந்து இல்லை. எண்டெகாவிர், டெனோஃபோவிர் நல்ல மருந்துகள், நிறுத்தினால் கிருமி மறுபடி எழும். அதனால்தான் சிஸ்டர் தடுப்பூசியைக் கேட்டார்.

சிறுவாணி அய்யா, இன்னொரு சம்பவமும் சொல்கிறேன். 2011-ல் அமெரிக்காவில், உயிரோடு இருப்பவர் தந்த கிட்னி ஒன்று ஹெபடைடிஸ் சி-யோடு போனது. விண்டோ பீரியட் எல்லாம் இல்லை. பாசிட்டிவ் ரிப்போர்ட் ஆபரேஷனுக்கு முன்பே ஃபைலில் இருந்தது. குழுவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. உங்களிடம் ஒருவர் போன் செய்து 'கோர் பாசிட்டிவ்' என்று சொன்னார் அல்லவா, அந்த ரிப்போர்ட்டை யாரோ கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூலிகைத்தோட்டம் – செவ்வாய், காலை 6:50

எல்லோரும் இங்கிலீஷ் மருந்தையே சொல்கிறீர்கள். நம் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்துத் தேறியவர்கள் எத்தனை பேர்! ஹெபடைடிஸ் பி-க்கு அது பலன் தரும் என்று சென்னையிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கிட்னி வைத்தவர்களும் குடிக்கலாமே?

நெஃப்ரோ_மதுரை – செவ்வாய், இரவு 9:30

உண்மைதான், நடந்தது. சென்னையில் தியாகராஜன் குழுவினர் 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அந்தக் குழுவில் இருந்தார். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். நம் ஊர் மூலிகை உலகம் முழுக்கப் பேசப்பட்டது, எனக்கும் பெருமையாக இருந்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதோடு அது நின்றது.

காமாலையில் பெரும்பகுதி ஏ-யும் ஈ-யும், தண்ணீரால் வருவது. பெரும்பாலும் தானே சரியாகும். கீழாநெல்லி குடித்தாலும் சரியாகும், குடிக்காவிட்டாலும் சரியாகும். பி, சி வேறு. டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர் கூட எதைச் சேர்த்தாலும் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறலாம், இறங்கலாம். இறங்கினால் கிட்னி போகும். தயவுசெய்து வேண்டாம்.

ஸ்காபரோ_அக்கா – புதன், காலை 5:14

வணக்கம். நான் கனடாவிலை இருக்கிறன், ஊர் வடமராட்சி. என்ரை மனுசனுக்கு 2021-இலை நுரையீரல் மாத்தினவை. குடுத்தவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. அதை ஒளிக்கேல்லை. பதிவு செய்யேக்கையே, மாத்திறதுக்குக் கன மாதத்துக்கு முன்னமே, எங்களைக் கூப்பிட்டு இருத்தி, தமிழ் கதைக்கிற ஆளையும் வைச்சு, வடிவா விளங்கப்படுத்தினவை. "இப்பிடி ஒரு நுரையீரல் வந்தால் உங்களுக்கு வரக்கூடும், மாத்திரை தருவம், வேண்டாம் எண்டாலும் உங்கடை இடம் வரிசையிலை போகாது" எண்டு சொன்னவை. வீட்டை போய் யோசிச்சு, பிள்ளையளோடை கதைச்சு, ரெண்டு கிழமைக்குப் பிறகுதான் கையெழுத்து வைச்சனாங்கள்.

பிறகு போன் வந்தது விடியப்புறம் மூண்டு மணிக்கு. நான் பதறேல்லை. ஏனெண்டால் யோசிக்க வேண்டியதெல்லாம் பகலிலையே யோசிச்சு முடிச்சிட்டம்.

டொராண்டோ ஜெனரலிலை நுரையீரலை வெளியிலை ஒரு இயந்திரத்திலை வைச்சு மூச்சு விடப் பண்ணி, கழுவி, புறஊதா வெளிச்சமும் பாய்ச்சி கிருமியைக் குறைக்கேலுமோ எண்டு ஆராய்ச்சி செய்தவை. அப்பிடியும் கனபேருக்குக் கிருமி வந்ததுதான், பிறகு மாத்திரையாலை மாறினது. இவருக்கும் வந்தது, 12 கிழமையிலை மாறிட்டுது. இப்ப பின்வளவிலை கத்தரியும் பாவலும் நட்டிருக்கிறார்.

தம்பி, உங்கடை மனிசியை நீங்கள் எழுப்பாதது அவவிலை இருந்த அன்பாலைதான் எண்டு எனக்கு விளங்குது. அவவுக்கும் விளங்கும்.

கொள்ளிடம்_வடகரை – புதன், இரவு 8:33

நான் மற்றப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அண்ணனுக்கு மூளைச்சாவு என்று சொன்னபோது, தானம் செய்வோம் என்று முதலில் சொன்னது அண்ணிதான். எல்லாக் கையெழுத்தும் போட்டாயிற்று. சாயங்காலம் வந்து, "ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ், எடுக்க முடியாது" என்றார்கள். கண்ணையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். கண் வங்கி விதிப்படி அதுவும் முடியாதாம். அண்ணனுக்கு அப்படி ஒரு நோய் இருந்ததே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அண்ணி அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கணவரை இழந்த துக்கத்தோடு, அவர் யாருக்கும் உதவாமல் போனார் என்பதும் சேர்ந்துகொண்டது.

இப்போது டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டு அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப இனிமே இப்படி வர்றவங்களுக்காவது எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டார். டாக்டர், நம்மிடம் அது நடக்குமா?

நெஃப்ரோ_மதுரை – வியாழன், இரவு 10:47

உங்கள் அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கிருமி உள்ள டோனரின் உறுப்பை அதே கிருமி உள்ளவருக்கு வைப்பது நம் நாட்டில் நடக்கிறது. கிருமி இல்லாதவருக்கு வைப்பது இன்னும் வழக்கமாகவில்லை. ஆகக் கூடாது என்றில்லை. மருந்து இங்கேயே தயாராகிறது, விலையும் குறைவு. தேவை மூன்று. டோனருக்கு உடனே நாட் பார்க்கும் வசதி, வாங்குபவரின் முன்கூட்டிய சம்மதம், பிறகு விடாமல் கண்காணிப்பது. இதில் எங்கள் தரப்பு செய்ய வேண்டியதுதான் அதிகம்.

உங்கள் வீட்டில் மற்றவர்களும் ஒரு தடவை சி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2022-ல் இந்தியாவில் பி உள்ளவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம், சி உள்ளவர்கள் 55 லட்சம். பெரும்பாலோருக்கு உங்கள் அண்ணனைப் போலவே தெரியாது.

நேர்படப்பேசு77 – வெள்ளி, காலை 11:20

எல்லாம் சரி. ஆனா ராத்திரி பதினொண்ணே முக்காலுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் கொடுத்துச் சம்மதம் கேட்கிறது நியாயமா? படிச்சவனுக்கே புரியாத வார்த்தைகள். இதுக்குப் பேரு சம்மதமா? நாளைக்கு ஏதாச்சும் ஆனா "நாங்க சொன்னோமே"ன்னு தப்பிச்சுக்கத்தான்.

தாமிரபரணி_சிஸ்டர் – வெள்ளி, மாலை 4:55

அரை மணி நேரம் ஏன்னு சொல்லுதேன். எடுத்த கிட்னி ஐஸ்ல ஒரு நாளைக்கு மேல தாங்குறது கஷ்டம், கல்லீரல் அதுல பாதி நேரம், இதயம் நாலஞ்சு மணி நேரந்தான். ஒரு வீட்டுல ரெண்டு மணி நேரம் யோசிச்சா அடுத்த ஆளுக்கு நேரம் போயிரும். அந்தக் கோஆர்டினேட்டர் பிள்ளைகளும் அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டிருக்காது.

ஆனா உங்க கோவத்துல நியாயம் இருக்கு, அதை நான் மறுக்கலை. கேட்க வேண்டிய நேரம் அது இல்லை. வரிசையில பதிவு பண்ணுத அன்னைக்கே உக்கார வச்சு, "கோர் பாசிட்டிவ்னா என்ன, சி பாசிட்டிவ்னா என்ன, எதுக்கு நீங்க சம்மதம், எதுக்கு இல்லை"ன்னு தமிழ்ல எழுதி வாங்கணும். வருசா வருசம் திரும்பக் கேட்கணும், மனசு மாறலாம் பாருங்க. நான் இருந்த வார்டுலயும் இதை ஒழுங்காச் செய்யலை. பதிவு பண்ணும்போது ஸ்கேன், எக்கோ, பணம்னு ஓடிக்கிட்டே இருப்போம், இதைப் பேச யாருக்கும் நேரம் இருக்காது. இப்ப ஓய்வா உக்காந்து நினைக்கும்போது அது தப்புன்னு தெரியுது. எத்தனை பேரு இந்தத் தம்பி மாதிரி இருட்டுல நின்னு வேண்டாம்னு சொல்லியிருப்பாங்களோ.

அந்தம்மாகிட்டத்தான் கேட்டிருக்கணும். அவங்க உடம்புதானே.

சிறுவாணித்தண்ணி – சனி, காலை 8:10

எல்லாருக்கும் நன்றிங்க. ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். ஸ்காபரோ அக்கா எழுதினதை மறுபடி படிக்கச் சொன்னா. கொள்ளிடக்காரர் எழுதினதைப் படிக்கும்போது அழுதுட்டா. நாலாவது ஊசி புதன்கிழமை போட்டாச்சு.

சிறுவாணித்தண்ணி – இரண்டரை மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 5:30

பழைய இழையை மேல கொண்டு வர்றதுக்கு மன்னிக்கோணும். சொல்லணும்னு தோணுச்சு.

டைட்டர் வந்துருச்சுங்க. 148. சிஸ்டர், உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்.

போன வாரம் ரெண்டு பேரும் கோஆர்டினேட்டரைப் பார்க்கப் போனோம். அவளே பேசினா. நோட்டுல எழுதிட்டு வந்திருந்தா. டோனருக்கு எலிசா மட்டுமா, நாட் டெஸ்டும் பார்ப்பீங்களா? ரத்தம் ஏத்தறதுக்கு முந்தி எடுத்த மாதிரியா? எனக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் எடுத்து வெப்பீங்களா? அப்புறம் எத்தனாவது வாரம் ஆர்என்ஏ பார்ப்பீங்க? அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துட்டு, பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வந்துச்சு. நாட் அவங்ககிட்ட இல்லையாம், வெளியே அனுப்பினா ரிசல்ட் ஆபரேஷனுக்கு அப்புறம்தான் வருமாம். அப்புறம் வந்தாலும் பரவாயில்லை, வரட்டும், தெரிஞ்சா மாத்திரை ஆரம்பிக்கலாமில்லன்னு இவ சொன்னா. அவரும் சரின்னு ஃபைல்ல எழுதினார். ஆபரேஷன் அன்னிக்கு இவளோட ரத்தமும் ஒரு டியூப் எடுத்து வெக்கறதாச் சொல்லியிருக்காங்க.

கோர் பாசிட்டிவ் கிட்னிக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டா. சி பாசிட்டிவ்னா என்ன பண்றதுன்னு இன்னும் யோசிக்கோணும்னு சொல்லியிருக்கா. அவசரம் இல்லை, யோசிக்கட்டும்.

இப்ப ராத்திரி படுக்கும்போது போனை அவ தலைமாட்டுல வெச்சிருக்கோம்.

தாமிரபரணி_சிஸ்டர் – ஞாயிறு, மாலை 6:02

148-ஆ! நல்லா ஏறியிருக்கு தம்பி. அடுத்த வருசம் இதே மாசம் திரும்பப் பார்க்கணும், அந்த மஞ்சக் கார்டுல இப்பவே எழுதி வச்சிருங்க.